மேகோம்ப் வழக்கைப் பிள்ளைகளோடு வாசிப்பது எப்படி

போன வருடம் என் அக்கா மகள், பள்ளியில் படிக்கக் கொடுத்திருந்த 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலில், மேகோம்ப் ஊர் வழக்கின் தீர்ப்பு வரும் 21வது அத்தியாயத்தை முடித்துவிட்டுப் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்தாள். "சின்னம்மா, அவன் செய்யலைன்னு அங்க இருந்த எல்லாருக்கும் தெரியும். அப்புறம் எப்படி கில்டின்னு சொன்னாங்க?" என்று கேட்டாள். "அந்தக் காலத்து அமெரிக்கா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டேன். அன்று இரவு முழுக்க அது என்னை உறுத்தியது. தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துக் காட்டோ மேனரில் வீடும் மாமரமும் வைத்திருந்த என் தாத்தாவை, இனம் பார்த்துக் குடியிருப்பைப் பிரித்த ஒரு சட்டத்தின் பெயரால் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்குப் பெயர்த்து நட்டார்கள், அந்தக் குடும்பத்தில் பிறந்த நான் பிள்ளைக்குச் சொல்லக்கூடிய பதிலா அது?

அதற்குப் பிறகு அவளையும் எங்கள் தெருப் பிள்ளைகள் நான்கு பேரையும் சனிக்கிழமை தமிழ் வகுப்பு முடிந்ததும் வீட்டில் உட்காரவைத்து, அந்த வழக்குப் பகுதியை மட்டும் மறுபடி படித்தோம். வாசிப்பு ஆங்கிலத்தில், பேச்சு தமிழில், நடுவில் டீயும் சில்லி பைட்ஸும். நான்கு சனிக்கிழமை பிடித்தது. இதே புத்தகத்தை வீட்டுப் பிள்ளைகளோடு படிக்க நினைப்பவர்களுக்காக, நாங்கள் எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. ஹார்ப்பர் லீ எழுதி 1960ல் வெளிவந்த நாவல், அடுத்த ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. 1930களில் அலபாமா மாநிலத்தில் மேகோம்ப் என்ற கற்பனை ஊர். டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளி தன்னைப் பாலியல் வன்கொடுமை செய்ததாக மயெல்லா யூவெல் என்ற வெள்ளைக்காரப் பெண்ணும் அவள் அப்பா பாப் யூவெல்லும் புகார் சொல்கிறார்கள். டாமுக்காக வாதாடுகிறவர் அட்டிகஸ் பிஞ்ச், கதையைச் சொல்வது அவருடைய சின்ன மகள் ஸ்கவுட். குற்றவாளியா இல்லையா என்று முடிவு சொல்ல ஊர் ஆட்களிலிருந்து எடுத்து உட்காரவைக்கும் குழுதான் ஜூரி, அதில் இருக்கும் 12 பேரும் வெள்ளைக்கார ஆண்கள். குற்றவாளி என்று தீர்ப்பு வருகிறது.

பிள்ளைகளுக்கு 13 வயதாவது ஆகட்டும். வழக்கு எதைப் பற்றியது என்று முதல் நாளே நேராகச் சொல்லிவிடுங்கள், மழுப்பினால் அவர்களே வேறு எங்கேயாவது தேடிப் பாதி தெரிந்துகொள்வார்கள். கூடவே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தக் கதையில் ஒரு பெண் பொய் சொல்கிறாள் என்பதால், புகார் கொடுக்கிற பெண்கள் பொய் சொல்வார்கள் என்று ஒரு பிள்ளையும், முக்கியமாக ஒரு பையனும், எடுத்துக்கொள்ளக் கூடாது. நாம் வாழ்கிற இந்த நாட்டில் பெண்கள் மீது நடக்கும் வன்முறை எவ்வளவு என்று எல்லோருக்கும் தெரியும். மயெல்லாவை அடித்தது அவள் அப்பாதான் என்பதைத்தான் தடயங்கள் காட்டுகின்றன, அவளும் அந்த வீட்டில் அடி வாங்கியவள், வெளியே சொல்ல ஆள் இல்லாதவள். தன்னை அடித்தவனைக் காப்பாற்ற அடிக்காதவனைக் காட்டிக்கொடுத்தாள். இந்த இரண்டு உண்மையையும் சேர்த்தே பிள்ளைகள் கையில் கொடுங்கள்.

அடுத்து அந்தச் சொல். கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் சொல் நாவலில் பக்கத்துக்குப் பக்கம் வருகிறது. சத்தமாக வாசிக்கும்போது அதை விட்டுவிட்டு 'அந்தச் சொல்' என்று சொல்லச் சொன்னேன். ஒரு பையன், வெறும் சொல்தானே ஆன்ட்டி என்றான். நான் பலகையில் 'கூலி' என்று எழுதினேன். நம் மொழியில் அதற்கு உழைத்ததற்குக் கிடைக்கும் சம்பளம் என்று பொருள், அதில் அசிங்கமே கிடையாது. 1860 நவம்பர் 16ல் 'ட்ரூரோ' கப்பல் மெட்ராஸிலிருந்து நம் ஆட்களைக் கொண்டுவந்து டர்பனில் இறக்கியதற்குப் பிறகு, மாதம் 10 ஷில்லிங்குக்குக் கரும்புத் தோட்டத்தில் முதுகு ஒடிந்தவர்களைப் பார்த்து அதே சொல்லைத் துப்பினார்கள், பாரிஸ்டர் படித்துவிட்டு வந்த காந்தியைக்கூட 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். நம்முடைய சொல்லை எடுத்து நம்மையே அடித்தார்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அந்தச் சொல்லை எங்கே கேட்டார்கள் என்று பிள்ளைகளையே கேட்டுவரச் சொல்லுங்கள். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி தன் ஆயாவிடம் கேட்டுவிட்டு வந்து அரைமணி நேரம் பேசினாள். அதன் பிறகு யாரும் 'வெறும் சொல்' என்று சொல்லவில்லை. இன்னொரு பக்கம், கறுப்பின மக்களை இங்கே இழிவாக அழைக்கும், 'கே' (K) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் சொல்லைச் சொன்னதற்காக 2018ல் ஒரு பெண்ணுக்கு நீதிமன்றம் மூன்று ஆண்டு சிறை விதித்து, அதில் ஓராண்டை நிறுத்திவைத்தது. அந்தச் சொல் நம் வீடுகளில் எவ்வளவு சாதாரணமாகப் புழங்குகிறது என்பதையும் அதே மூச்சில் பேசிவிட வேண்டும்.

சரி, வழக்குக்கு வருவோம். 17வது அத்தியாயம் முதல் 21வது வரை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். ஒரு சாட்சிக்கு ஒரு பக்கம் என்று நோட்டில் ஒதுக்குங்கள். மொத்தமே நான்கு சாட்சிகள்தான்: ஷெரிஃப் ஹெக் டேட், பாப் யூவெல், மயெல்லா, டாம். ஒவ்வொருவரும் கண்ணால் பார்த்ததாகச் சொன்னது என்ன, தானாக நினைத்துக்கொண்டது என்ன என்று பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்து எழுதட்டும். சலிப்பான வேலை என்று முதலில் முணுமுணுப்பார்கள். ஷெரிஃப் முதலில் இடது கண் என்று சொல்லிவிட்டு, தன் எதிரில் நின்ற முகத்தை மனதில் திருப்பிப் பார்த்து, இல்லை அவளுடைய வலது பக்கம் என்று மாற்றும் இடம் வரும்போது எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தி, இரண்டு பிள்ளைகளை எதிரெதிரே நிற்கவையுங்கள், கை படாமல் நடிக்கட்டும். எதிரில் நிற்பவரின் வலது கன்னத்தில் அறைய எந்தக் கை வேண்டும்? இடது. அட்டிகஸ் பாப் யூவெல்லைப் பெயர் எழுதச் சொல்கிறார், அவன் இடது கையால் எழுதுகிறான். டாமின் இடது கையோ 12 வயதில் பஞ்சு அரைக்கும் எந்திரத்தில் சிக்கிச் செத்துப்போன கை, சத்தியம் செய்ய பைபிள் மீது எடுத்து வைத்தாலும் வழுக்கி விழுகிறது. பக்கம் பக்கமாக விளக்குவதைவிட, எழுந்து நின்று கையை நீட்டிப் பார்த்தது பிள்ளைகளுக்கு ஒட்டிக்கொண்டது.

அப்புறம், நோட்டில் யாருடைய பக்கம் இல்லை என்று கேளுங்கள். டாக்டர். மயெல்லாவைப் பார்க்க ஒரு டாக்டரையும் யாரும் கூப்பிடவில்லை. ஷெரிஃபும் கூப்பிடவில்லை, பெற்ற அப்பாவும் கூப்பிடவில்லை. உயிரைப் பறிக்கக்கூடிய ஒரு குற்றச்சாட்டுக்கு மருத்துவச் சான்று என்று ஒரு துண்டுக் காகிதம் கூட இல்லை.

இந்த இடத்தில் நான் பாலசுந்தரத்தின் கதையைச் சொல்வேன். காந்தி டர்பனில் தொழிலைத் தொடங்கி மூன்று நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. ஒப்பந்தக் கூலியாக ஒரு வெள்ளைக்காரரிடம் வேலை பார்த்த பாலசுந்தரம் என்ற தமிழர், முன்பற்கள் இரண்டும் உடைந்து, வாயில் ரத்தத்தோடு, தலைப்பாகையைக் கழற்றிக் கையில் பிடித்தபடி அவர் முன்னால் வந்து நின்றார். அடித்தது முதலாளி. காந்தியிடம் குமாஸ்தாவாக இருந்தவரும் தமிழர், அவர்தான் நடந்ததை எடுத்துச் சொன்னார். காந்தி முதலில் செய்த காரியம் அவரை டாக்டரிடம் அனுப்பிக் காயத்துக்குச் சான்றிதழ் வாங்கியது. அந்தக் காலத்தில் கிடைத்தவர் வெள்ளைக்கார டாக்டர்தான். சான்றிதழோடு நேரே மாஜிஸ்திரேட்டிடம் போனார், முதலாளிக்கு சம்மன் போனது, கடைசியில் பாலசுந்தரம் அந்த முதலாளியிடமிருந்து விடுபட்டு வேறு இடத்துக்கு மாற்றப்பட்டார். தலைப்பாகையைக் கையில் பிடித்து நிற்க வேண்டிய நிலையில் இருந்தவனுடைய வாய்வார்த்தை நீதிமன்றத்தில் எடுபடாது, அதற்குப் பக்கத்தில் ஒரு காகிதம் வேண்டும் என்பது அங்கே தெரிந்திருந்தது. மேகோம்பில் அந்தக் காகிதத்தை யாருமே தேடவில்லை, ஏனென்றால் அங்கே வாய்வார்த்தை வெள்ளைக்காரருடையது, அதுவே போதும்.

டாமின் சாட்சியத்துக்கு ஒரு முழு சனிக்கிழமையை ஒதுக்குங்கள். அதில் ஒரு இடம் இருக்கிறது, அதை நான் மூன்று தடவை வாசிக்க வைத்தேன். கூலி வாங்காமல் அந்தப் பெண்ணுக்கு ஏன் வேலை செய்து கொடுத்தாய் என்று அரசு வக்கீல் கில்மர் கேட்கிறார். அவளைப் பார்த்தால் பாவமாக இருந்தது என்று டாம் சொல்லிவிடுகிறான். அவ்வளவுதான், வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது என்பது என் எண்ணம். வலது கையா இடது கையா என்பதெல்லாம் அதற்குப் பிறகு யாருக்கும் முக்கியமில்லை. ஒரு கறுப்பன் ஒரு வெள்ளைக்காரியைப் பார்த்துப் பாவப்படுவதா? பாவப்படுகிறவன் மேலே நிற்கிறான், பாவப்படப்படுகிறவள் கீழே நிற்கிறாள், அந்த ஊரின் மொத்தக் கணக்கையும் டாம் ஒரு வாக்கியத்தில் தலைகீழாக்கிவிட்டான். பிள்ளைகளிடம் நான் கேட்டது இது: "அந்த இடத்தில் டாம் வேறு என்ன சொல்லியிருந்தால் தப்பித்திருப்பான்?" காசுக்காகச் செய்தேன் என்று சொல்லியிருக்கலாம் என்றாள் ஒருத்தி. அவன் காசு வாங்கவே இல்லையே, அது பொய்யாகிவிடுமே என்றான் இன்னொருவன். ஐந்து பேரும் இருபது நிமிடம் முட்டி மோதிப் பார்த்தார்கள், தப்பிக்க வைக்கும் பதில் ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்களாகவே அங்கே வந்து சேரட்டும், நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள்.

அந்தப் 12 பேர் யார் என்பது அடுத்த கேள்வி. 23வது அத்தியாயத்தில் அட்டிகஸ் மகன் ஜெம்முக்கு இதை விளக்குகிறார். டவுனில் இருக்கும் ஆட்கள் ஜூரியில் உட்காராமல் நழுவிவிடுவார்கள், பெண்கள் உட்காரவே முடியாது. அலபாமாவில் பெண்களை ஜூரியிலிருந்து விலக்கியது செல்லாது என்று நீதிமன்றம் சொல்ல 1966 ஆனது. கறுப்பின மக்களின் பெயர்கள் பட்டியலுக்கே வராது. இது கற்பனை இல்லை என்று காட்ட ஸ்காட்ஸ்பரோ வழக்கைச் சொல்லுங்கள்: 1931ல் அதே அலபாமாவில் ஒன்பது கறுப்பினப் பையன்கள் மீது இதே மாதிரிப் புகார், வெள்ளைக்கார ஜூரி, எட்டுப் பேருக்கு மரண தண்டனை. அந்த வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போனபோதுதான், கறுப்பினத்தவரைத் திட்டமிட்டு ஜூரியிலிருந்து ஒதுக்குவது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1935ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது.

நம் பிள்ளைகளுக்குச் சிலம்பின் கதை தெரிந்திருந்தால் இந்த இடத்தில் கைகொடுக்கும். பொற்கொல்லன் ஒருவனுடைய பேச்சை நம்பிப் பாண்டியன் கோவலனைக் கொன்றான், விசாரணை இல்லை. கண்ணகி சபையில் சிலம்பை உடைத்தாள், முத்து தெறிக்கவில்லை, மாணிக்கம் தெறித்தது. அரசன் 'யானோ அரசன் யானே கள்வன்' என்று சொல்லி அங்கேயே விழுந்தான். மேகோம்பிலும் சிலம்பு உடைந்தது, எல்லோர் கண் முன்னாலும்தான், டாமின் செத்த கை பைபிளிலிருந்து வழுக்கியபோது. ஆனால் 12 பேரில் ஒருவரும் எழுந்து அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ஒரே ஒருவர், கன்னிங்ஹாம் குடும்பத்து ஆள், விடுதலை செய்யலாம் என்று கொஞ்ச நேரம் பிடிவாதமாக நின்றார் என்று பின்னால் தெரியவருகிறது. ஜூரி சீக்கிரம் திரும்பாமல் இரவு பதினொரு மணி தாண்டி வந்ததற்கு அதுதான் காரணம். திரும்பி வந்தபோது ஒருவரும் டாமின் முகத்தைப் பார்க்கவில்லை என்று ஸ்கவுட் கவனிக்கிறாள். பார்க்காமலே நடப்பது எப்படி என்று பிள்ளைகளை ஒருமுறை நடந்து காட்டச் சொல்லுங்கள்.

ஜெம்முக்குக் கோபம் வருகிறது. ஜூரியையே ஒழித்துவிட வேண்டும் என்கிறான். எங்கள் வீட்டிலும் அதேதான், ஐந்து பிள்ளைகளும் ஜெம் சொல்வதுதான் சரி என்றார்கள். நான் காத்திருந்ததும் இதற்குத்தான். ஏனென்றால் நம் நாடு அதைச் செய்தது. தென்னாப்பிரிக்காவிலும் ஜூரி இருந்தது, உட்கார்ந்தவர்கள் வெள்ளையர்கள், 1969ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இப்போது நீதிபதியும், சில வழக்குகளில் அவருக்குத் துணையாக உட்காரும் அசெஸர்கள் இரண்டு பேரும்தான். அநியாயம் அதோடு நின்றதா? நிறவெறி ஆட்சியை எதிர்த்த அகமது திமோல் என்ற ஆசிரியர் 1971 அக்டோபரில் போலீஸ் காவலில், ஜோகன்னஸ்பர்க் போலீஸ் தலைமையகமான ஜான் வோர்ஸ்டர் சதுக்கத்துக் கட்டடத்தின் பத்தாவது மாடியிலிருந்து விழுந்து இறந்தார். 1972ல் விசாரித்த மாஜிஸ்திரேட் தற்கொலை என்று முடித்தார். அங்கே ஜூரி இல்லை, படித்த ஒரு அதிகாரிதான் இருந்தார். குடும்பம் விடவில்லை. 2017ல் மறுபடி விசாரித்த நீதிபதி பில்லி மோத்லே அது கொலை என்றார். அவர் இறந்து 46 ஆண்டுகள் ஆகியிருந்தன. நாற்காலியில் யார் உட்காருகிறார்கள் என்பதை மட்டும் மாற்றினால் போதுமா என்று பிள்ளைகளைக் கேளுங்கள், அவர்கள் யோசிக்கட்டும்.

ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது, என் மொத்த முறையும் அதன் மேல்தான் நிற்கிறது. ஜூரி காரணம் சொல்ல வேண்டியதில்லை. 'கில்டி' என்று ஒரு சொல், வீட்டுக்குப் போய்விடலாம். நீதிபதி காரணம் எழுத வேண்டும், எழுதியது ஆவணத்தில் நிற்கும், பிறகு வருகிறவர்கள் படித்து இது ஓட்டை, இது பொய் என்று விரல் வைக்கலாம். திமோல் வழக்கில் பழைய தீர்ப்பைப் பிரித்துப் பார்த்துத் தவறு சொல்ல முடிந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே பிள்ளைகளிடம் காகிதம் கொடுத்து, மேகோம்ப் ஜூரி எழுதாத காரணங்களை எழுதச் சொல்லுங்கள். ஒரு பக்கம் போதும். 'டாம் ராபின்சன் குற்றவாளி, ஏனென்றால்' என்று தொடங்க வேண்டும், நான்கு சாட்சிகளில் ஒருவர் சொன்னதையாவது காட்ட வேண்டும். அவர்களால் முடியாது. என் அக்கா மகள் மூன்று தடவை அடித்து எழுதிவிட்டு, கடைசியில் 'ஏனென்றால் அவன் கறுப்பன்' என்று எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தாள். அவள் போன வருடம் கேட்ட கேள்விக்கு அவளே பதில் எழுதிவிட்டாள். பெரிய பிள்ளைகள் என்றால் இன்னொரு பக்கத்தில் விடுதலைத் தீர்ப்பையும் எழுதட்டும், அது சரசரவென்று வரும். உண்மையான தீர்ப்பு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பினால் சாஃப்லி (SAFLII) இணையதளத்தில் நம் நீதிமன்றத் தீர்ப்புகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மரண தண்டனையை ஒழித்த 1995 தீர்ப்பில் சில பத்திகளை நாங்கள் படித்தோம்.

இதற்கு மேல் கொஞ்சம் கடினமான இடம். நம் பிள்ளைகள் இயல்பாகவே டாம் பக்கம் உட்கார்ந்துகொள்வார்கள், நாமும் அடி வாங்கியவர்கள்தானே என்று. அது உண்மைதான், ஆனால் அது மட்டும் உண்மை இல்லை. 1949 ஜனவரியில் டர்பனில் இந்தியர்களுக்கு எதிராக நடந்த கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள், அதில் 50 பேர் இந்தியர்கள், நம் வீடுகளில் அந்தக் கதை இன்னும் சொல்லப்படுகிறது. கலவரமும் கொள்ளையும் நடந்த 2021 ஜூலையில், டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் ஃபீனிக்ஸில் 30க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், பெரும்பாலும் கறுப்பின மக்கள், தெருவில் தடுப்பு வைத்து வழிமறித்தவர்களில் நம் ஆட்களும் இருந்தார்கள். அந்தக் கதை நம் வீடுகளில் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. தோலின் நிறத்தைப் பார்த்துத் திருடன் என்று முடிவுகட்டிய அந்தத் தெருமுனைகளில் எத்தனை ஜூரிகள் உட்கார்ந்திருந்தார்கள்! இதைப் பேசுவதற்கு முன்னால் மற்றப் பிள்ளைகளின் அம்மா அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், நான் சொன்னேன், ஒருவர் வேண்டாம் என்றார், மற்றவர்கள் சரி என்றார்கள். பேச்சைத் தொடங்க என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது: நம் வீட்டில் வேலை செய்யும் அக்கா மீது யாராவது திருட்டுப் புகார் சொன்னால், நாம் முதலில் எதைத் தேடுவோம், சாட்சியத்தையா, அவர் பையையா? ரொம்ப நேரம் யாரும் பேசவில்லை.

24வது அத்தியாயத்தைக் கடைசி சனிக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள். சிறையிலிருந்து தப்பி ஓடப் பார்த்தான் என்று டாமைச் சுடுகிறார்கள், உடம்பில் 17 குண்டுகள். மேல்முறையீடு வரை அவன் காத்திருக்கவில்லை. ஏன் காத்திருக்கவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள், நோட்டில் டாமின் பக்கத்தைத் திருப்பிப் படிக்கச் சொல்லுங்கள். நாவல் முழுக்க ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் கண் வழியாக வருவதால் டாமின் மனைவி ஹெலனும் மூன்று குழந்தைகளும் ஓரமாக வந்து போகிறார்கள், எனக்கு அந்தப் புத்தகத்தின் மீது இருக்கும் மனக்குறை அதுதான். எங்கள் நோட்டில் நான்கு சாட்சிகளுக்குப் பிறகு ஐந்தாவதாக ஒரு பக்கத்தை ஹெலனுக்கு ஒதுக்கினோம். அவளை யாராவது கூண்டில் ஏற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று ஆளுக்கு ஐந்து வரி எழுதினார்கள், ஆங்கிலத்தில் வேண்டாம், தமிழிலேயே எழுதுங்கள் என்றேன், எழுத்துப்பிழை பார்க்கவில்லை.